அம்பலமும் ஒற்றும்

1

ஒரு விஷயத்தை அம்பலப்படுத்துவது என்கிறோம். அம்பலம் என்பது நாலு பேர் கூடும் திறந்த இடம். அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டால் யாரும் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம், இல்லை என்று மறுக்கவும் செய்யலாம். ஒற்று இதற்கு எதிர்த்திசையில் நடக்கிற காரியம். ஒற்றனும் மறைந்திருப்பதைத் தெரிந்துகொள்கிறவன்தான். ஆனால் தெரிந்துகொண்டதை அவன் ஒரே ஒரு காதில் மட்டுமே போடுகிறான். வள்ளுவர் இதற்கு ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஒரு ஒற்றன் கொண்டுவந்ததை இன்னொரு ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவேண்டும், ஒருவரையொருவர் அறியாத மூவரை ஆளவேண்டும், மூவர் சொல்லும் ஒத்துவந்தால் நம்பலாம் என்று அங்கே விதி செய்யப்பட்டிருக்கிறது. சரிபார்க்கும் முறை அன்றே கறாராக இருந்திருக்கிறது. ஆனால் சரிபார்க்கும் அதிகாரம் அரசன் ஒருவனுக்கே. ஊருக்கு அதில் இடமில்லை.

ஒற்றனை அம்பலப்படுத்துகிறவன் யார்? அவனும் ஒளிந்து பார்த்திருக்கிறான். கடிதங்களைத் திருடியோ திருடியதை வாங்கியோ இருக்கிறான். பல சமயம் பொய்ப் பெயரில் திரிந்திருக்கிறான். அப்படியானால் அவனை ஒற்றனிடமிருந்து பிரிப்பது எது? அவன் எதிர்க்கிற அரசு கொடியது என்பதா? அவன் சார்ந்திருக்கிற தரப்பு நல்லது என்பதா? அல்லது இவை இரண்டுக்கும் சம்பந்தமில்லாத வேறொன்றா?

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டதற்கு நம் வட்டத்திலேயே காரணம் இருக்கிறது. ஒரு கட்டுரை வந்தால், அதில் சொல்லியிருப்பது உண்மையா என்று கேட்பதற்கு முன்னால், எழுதியவன் யாருடைய ஆள் என்று கேட்பது நமக்குக் கைவந்த பழக்கம். ஆளைத் தெரிந்துகொண்டால் விஷயத்தைத் தெரிந்துகொண்டதாக ஒரு திருப்தி. இந்தப் பழக்கம் எவ்வளவு நியாயமானது, எந்த இடத்தில் அது மூளைச் சோம்பலாகிறது என்பதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க ஒரு களம் தேவைப்பட்டது. இரண்டு உலகப் போர்களுக்கும் முன்பு ஜெர்மனி வெளிநாடுகளில் நடத்திய உளவும், அதை அம்பலப்படுத்தக் கிளம்பியவர்களின் கதையும் அப்படி ஒரு களம். அதில் மூன்று பேரை எடுத்துக்கொள்கிறேன். மூவரும் எழுத்துக்காரர்கள்.

2

முதலாமவர் வில்லியம் லெ க்யூ. இந்த நூற்றாண்டுக்கு முந்தியதன் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மலிவான சாகச நாவல்களை எழுதிக் குவித்தவர். 1906ல் 'டெய்லி மெயில்' பத்திரிகையில் ஜெர்மன் படையெடுப்பு பற்றி அவர் ஒரு தொடர்கதை எழுதினார். படை எந்த ஊர்கள் வழியாக முன்னேறவேண்டும் என்பதில் பத்திரிகை முதலாளி குறுக்கிட்டார். போர்த் தந்திரப்படி பொருத்தமான வழியில் கிராமங்கள்தான் இருந்தன. பத்திரிகை விற்பனையாகக்கூடிய நகரங்கள் இல்லை. எனவே ஜெர்மானியர்கள் வாசகர்கள் வசிக்கும் ஊர்கள் வழியாகத் திருப்பிவிடப்பட்டார்கள்.

1909ல் அவருடைய அடுத்த புத்தகம், கைஸரின் ஒற்றர்களைப் பற்றியது. கதைதான், ஆனால் பெயர்களை மட்டும் மாற்றிய நிஜம் என்று முன்னுரையில் சத்தியம் செய்தார். இங்கிலாந்தில் 5000 ஜெர்மன் ஒற்றர்கள் இருப்பதாக எண்ணிக்கையும் கொடுத்தார். வாசகர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. ஹோட்டல் சிப்பந்தி, முடிதிருத்துபவர், சைக்கிளில் ஊர் சுற்றிப் பார்க்க வந்த வெளிநாட்டான், வீட்டு ஜன்னலில் வெகுநேரம் விளக்கெரிய விடுகிறவன் எல்லோர் மேலும் சந்தேகம். இந்தக் கடிதங்களை லெ க்யூ தம் நண்பரும் ராணுவ உளவுப் பிரிவின் அதிகாரியுமான ஜேம்ஸ் எட்மண்ட்ஸிடம் கொடுத்தார். எட்மண்ட்ஸ் அவற்றை அரசின் பாதுகாப்புக் குழு முன் சாட்சியமாக வைத்தார். 1909 அக்டோபரில் பிரிட்டனின் ரகசியச் சேவைச் செயலகம் இரண்டே அதிகாரிகளோடு பிறந்தது. இன்று எம்.ஐ.5, எம்.ஐ.6 என்று அறியப்படும் இரண்டு ஸ்தாபனங்களின் மூலம் இதுதான். ஒரு மூன்றாந்தர நாவல் ஒரு அரசுத்துறையைப் பெற்றெடுத்தது என்று சொன்னால் அதில் மிகை கொஞ்சம்தான்.

நிலைமை என்ன? ஜெர்மன் தரைப்படையின் உளவுப் பிரிவு அப்போது பிரான்ஸையும் ரஷ்யாவையும்தான் குறிவைத்திருந்தது. பிரிட்டன் அதன் கடற்படை உளவுப் பிரிவின் பொறுப்பு. அதற்காக கஸ்டாவ் ஸ்டைன்ஹவர் என்ற முன்னாள் துப்பறிவாளர் சிறு ஆட்கள் சிலரை வைத்து ஒரு வலையை நடத்திவந்தார். லண்டனில் கார்ல் எர்ன்ஸ்ட் என்ற முடிதிருத்துபவர் மாதம் ஒரு பவுன் கூலிக்குக் கடிதங்களை வாங்கித் தபாலில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் 21 பேர் பிடிபட்டதாக உள்துறை அமைச்சர் அறிவித்தார். அதுவே மிகையான கணக்கு என்று பிற்கால வரலாற்றாசிரியர்களில் சிலர் வாதாடியிருக்கிறார்கள். 5000 எங்கே, 21 எங்கே.

ஒற்றர்கள் அறவே இல்லாமல் இல்லை. அதனால்தான் லெ க்யூவின் காரியம் சுலபமாகப் புறந்தள்ளக்கூடியதாக இல்லை. 'நான் சொன்னேன் பார்' என்று சொல்ல அவருக்கு ஒரு முடிதிருத்துபவர் கிடைத்துவிட்டார். ஆனால் அவர் செய்தது அம்பலப்படுத்துதல் அல்ல. நம் அகமரபில் அம்பல், அலர் என்று இரண்டு சொற்கள் உண்டு. ஊரார் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். அதுவே வெளிப்படையான பேச்சாகப் பரவினால் அலர். லெ க்யூ செய்தது அலர் தூற்றுவது. அலருக்கு ஆதாரம் கேட்க முடியாது; கேட்டால் எல்லோரும் சொல்கிறார்களே என்பதே பதில். அவர் பெயர்களை மாற்றிவிட்டதாகச் சொன்னதும் இந்த வகையைச் சேர்ந்தது. பெயர் மாற்றப்பட்ட உண்மையை எவன் போய்ச் சரிபார்ப்பது?

பயம் ஒரு சமூகத்தில் எதை மிச்சம் வைக்கிறது என்பது விசித்திரமானது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசிப் போனது. நம்மிடம் அந்தப் பயம் ஒரு சொல்லாகக் கரைந்தது. கெட்டிக்காரப் பேர்வழியை எம்டன் என்கிறோம். அதில் பாதி மெச்சுதல். இங்கிலாந்தில் அது அப்படிக் கரையவில்லை. 1915 மே மாதம் லூசிடானியா என்ற பயணிகள் கப்பல் ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டதும், லிவர்பூலிலும் லண்டனிலும் ஜெர்மன் பெயர் கொண்ட ரொட்டிக் கடைகளை ஜனங்கள் சூறையாடினார்கள். அந்தக் கோபத்துக்கு உடனடிக் காரணம் கப்பல். அடுத்த வீட்டு ரொட்டிக்காரனை எதிரியாகப் பார்க்கும் கண்ணைப் பத்து வருஷமாகத் தயார் செய்தது லெ க்யூ வகைப் புத்தகங்கள்.

இன்னொரு மிச்சம் நம்மையும் தொடுகிறது. இந்த ஒற்றர் பீதியின் நடுவில், 1911 ஆகஸ்டில், பிரிட்டனின் அரசு ரகசியச் சட்டம் மக்கள் சபையில் ஒரே பிற்பகலில் ஒரு மணி நேரத்துக்குள் நிறைவேறியது. ஒற்றர்களைப் பிடிக்க என்று சொல்லப்பட்ட அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவுக்கு ஒற்றோடு சம்பந்தமே வேண்டியிருக்கவில்லை. அனுமதியின்றி அரசுத் தகவல் எதையும் வெளியில் சொன்ன ஊழியனும், அதைத் தெரிந்தே பெற்றுக்கொண்டவனும் குற்றவாளிகள். அதன் வழியில் இந்தியாவுக்கு 1923ல் ஒரு சட்டம் வந்தது. பிரிட்டன் 1989ல் அந்த இரண்டாம் பிரிவை நீக்கி வேறு சட்டம் செய்துகொண்டது. நம்முடைய ஐந்தாம் பிரிவு இன்னும் இருக்கிறது. ஒற்றனை அம்பலப்படுத்துகிறேன் என்று கிளம்பிய ஒரு பொய், அம்பலப்படுத்துவதையே குற்றமாக்கும் சட்டத்தில் போய் முடிந்தது.

3

இரண்டாமவர் ஓட்டோ காட்ஸ். இவரை லெ க்யூவோடு ஒரே மூச்சில் சொல்வது அநியாயம். லெ க்யூவின் எதிரி பெரும்பாலும் கற்பனை. காட்ஸின் எதிரி ஹிட்லர். 1895ல் பொஹீமியாவில் பிறந்த யூதர். ஜெர்மன் கம்யூனிஸ்ட் பிரசார மேதையான வில்லி ம்யூன்ஸென்பர்க்கின் வலது கை. 1933ல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் இருவரும் பாரிஸிலிருந்து வேலை செய்தார்கள். அந்த வருஷமே வெளிவந்த நாஜி பயங்கரம் பற்றிய பழுப்புப் புத்தகம் பல மொழிகளில் பரவியது. 1935ல் அதே பதிப்பகம் 'பழுப்பு வலை' என்ற நூலை வெளியிட்டது. வெளிநாடுகளில் வாழும் ஜெர்மானியரிடையே நாஜிக் கட்சி எப்படிக் கிளைகள் அமைத்திருக்கிறது, தூதரகங்களும் வர்த்தக நிறுவனங்களும் சங்கங்களும் எப்படி வேவுக்குப் பயன்படுகின்றன என்பது அதன் பொருள். நாஜி ஆட்கள் என்று நூற்றுக்கணக்கான பெயர்கள் அதில் தரப்பட்டன. ஆசிரியர் பெயர் இல்லை.

விஷயம் பெருமளவு உண்மை. நாஜிக் கட்சியின் வெளிநாட்டு அமைப்பு எர்ன்ஸ்ட் போலே தலைமையில் செயல்பட்டதும், நாட்டுக்கு நாடு கிளை வைத்துத் தன் குடிமக்களையே கண்காணித்ததும் பின்னால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமானவை. அதற்கு முதல் பெரிய நிரூபணம் 1936 ஜூலையில் பார்ஸலோனாவில் கிடைத்தது. ஃபிராங்கோவின் கலகம் அந்த நகரத்தில் முறியடிக்கப்பட்டபோது, அங்கே அகதிகளாக இருந்த ஜெர்மன் அராஜகவாதிகள் நாஜிக் கட்சியின் அலுவலகங்களுக்குள் புகுந்து கோப்புகளைக் கைப்பற்றினார்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களையும் மாலுமிகளையும் வேவு பார்த்த ஒரு பிரிவின் அறிக்கைகள், இங்கே யார் யாரோடு பேசினார்கள் என்ற புகார்கள், பகிஷ்கரிக்க வேண்டிய யூத வணிகர்கள் பற்றிய தாள்கள் எல்லாம் அவற்றில் இருந்தன.

அந்தத் தாள்களிலிருந்து இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று காட்ஸ் புனைபெயரில் எழுதியது. மற்றது, தாள்களைக் கைப்பற்றிய அராஜகவாதக் குழு 1937ல் பார்ஸலோனாவில் வெளியிட்ட கறுப்பு-சிவப்புப் புத்தகம். ஒரே கோப்பு, ஒரே எதிரி, இரண்டு அம்பலங்கள். ஆனால் அதே 1937 மே மாதத் தெருச்சண்டைகளுக்குப் பிறகு, கம்யூனிஸ்ட் பிடியில் இருந்த போலீஸ் அந்த ஜெர்மன் அராஜகவாதிகளில் பலரைச் சிறையில் போட்டது. போவும் என்ற மாற்று மார்க்ஸியக் கட்சி, ஃபிராங்கோவின் ஒற்றர் படை, கெஸ்டாபோவின் கூலி என்று முத்திரை குத்தப்பட்டது. அதன் தலைவர் ஆண்ட்ரூ நின் கொல்லப்பட்டார். நாஜி ஒற்றர்களின் கோப்புகளைத் தூக்கி வந்தவர்களின் தோழர்கள் மீதே நாஜி ஒற்றர் என்ற குற்றச்சாட்டு. ஒற்றன் என்ற சொல் உண்மையைச் சொல்வதற்கான சொல்லாக இருப்பதை நிறுத்திவிட்டு, ஆட்களை அகற்றுவதற்கான கருவியாகிவிட்டது.

காட்ஸின் தரப்பு எதைச் சொன்னது என்பதோடு, எதைச் சொல்லாமல் விட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வெர்ஸாய் ஒப்பந்தம் தடை செய்த விமானப் படையை ஜெர்மன் ராணுவம் 1925லிருந்து 1933வரை சோவியத் ரஷ்யாவில் லிபெட்ஸ்க் என்ற ஊரில் ரகசியமாகப் பயிற்றுவித்தது. 1926 டிசம்பரில் 'மான்செஸ்டர் கார்டியன்' பத்திரிகை ஜெர்மன்-ரஷ்ய ராணுவ உறவைப் பற்றி எழுதியது; அதே மாதம் ஷைடமான் ஜெர்மன் பாராளுமன்றத்தில் அதைப் போட்டு உடைத்தார். அவரை எதிர்த்துக் கூச்சலிட்டவர்களில் வலதுசாரிகளோடு கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள்.

இன்னும் ஒன்று. 1938ல் பாரிஸில் காட்ஸும் ஆங்கிலப் பத்திரிகையாளர் க்ளாட் காக்பர்னும் உட்கார்ந்து, மொராக்கோவின் டெட்டுவான் நகரில் ஃபிராங்கோவுக்கு எதிராகக் கலகம் வெடித்ததாக ஒரு செய்தி எழுதினார்கள். கலகம் எதுவும் நடக்கவில்லை. சண்டை நடந்த தெருக்களின் பெயர்களைச் சுற்றுலாக் கையேடுகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஃபிராங்கோ தோற்கக்கூடும் என்று பிரெஞ்சுப் பிரதமர் நம்பினால், ஸ்பெயினின் எல்லையைத் திறந்து ஆயுதங்களைப் போகவிடுவார் என்பது கணக்கு. காக்பர்ன் பிற்காலத்தில் இதைத் தாமே எழுதினார், வெட்கப்படாமல். நல்ல காரணத்துக்காகப் போரிடுகிறவன் பொய்யை ஆயுதமாகப் பயன்படுத்தக் கூடாது என்பது சௌகரியமான நாற்காலியில் இருந்து பேசுவது என்பது அவருடைய தரப்பு.

இந்த வாதம் என்னைச் சுலபமாக விடவில்லை. குவர்னிகாவில் குண்டு விழுந்த அடுத்த வருஷம் அது. ஒரு பொய்ச் செய்தியால் பத்துப் பீரங்கிகள் எல்லையைத் தாண்டியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இதற்குப் பதில் சொல்லாமல் உண்மையின் புனிதத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

4

நஷ்டம் யாருக்கு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அது வேறொரு பொய்யின் கணக்கு. 1917ல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் ஒரு செய்தி வெளியிட்டன: ஜெர்மானியர் போரில் இறந்தவர்களின் உடல்களைத் தொழிற்சாலையில் கொதிக்கவைத்துக் கொழுப்பு எடுக்கிறார்கள் என்று. இதுவும் எதிரியின் ரகசியத்தை அம்பலப்படுத்தும் தோரணையில் வந்ததுதான். 1925 டிசம்பரில் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின், அதில் ஆதாரமில்லை என்ற ஜெர்மன் அரசின் மறுப்பைப் பாராளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். விவகாரம் முடிந்துபோனதாகத் தோன்றியது.

முடியவில்லை. 1943 ஆகஸ்டில், போலந்தில் மனிதர்கள் விஷவாயு அறைகளில் கொல்லப்படுவதாக வந்த தகவல்களைப் பரிசீலித்த பிரிட்டிஷ் உளவுக் கூட்டுக்குழுவின் தலைவர் விக்டர் காவெண்டிஷ்-பெண்டிங்க், அவற்றைப் போன போரின் கொழுப்புக் கதையோடு ஒப்பிட்டுக் குறிப்பெழுதினார். நேச நாடுகளின் அறிக்கையிலிருந்து வாயு அறைகள் பற்றிய வாசகம் நீக்கப்பட்டது. அவர் ஒருவரின் அவநம்பிக்கைக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். யூதர் மேலும் போலந்துக்காரர் மேலும் அன்றைய அதிகார வர்க்கத்துக்கு இருந்த அலட்சியம் அவற்றில் ஒன்று. ஆனால் அந்த அலட்சியத்துக்கு ஒரு நியாயமான முகத்தை வாங்கிக் கொடுத்தது 1917ன் பொய். அதைச் சொன்னவர்கள் அதற்கு விலை கொடுக்கவில்லை. இருபத்தாறு வருஷம் கழித்து, சொன்னவர்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஜனங்கள் கொடுத்தார்கள்.

காக்பர்னுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். போர்க்களத்தில் எதிரியை ஏமாற்றுவது வேறு. டெட்டுவான் செய்தி ஏமாற்றியது ஃபிராங்கோவை அல்ல. அதைப் பத்திரிகையில் படித்தவனை. அவனும் நம்மோடு ஒரே அணியில் இருப்பவன். அவன் உண்மையென்று எடுத்துக்கொள்ளும் சக்தியைச் செலவு செய்துதான் அந்தப் பொய் வேலை செய்கிறது. அந்தச் சக்தி ஊருக்குப் பொதுவான கிணறு. அதிலிருந்து இறைத்தவர் யார் என்று பின்னால் தெரிவதில்லை. வறண்டது மட்டும் தெரிகிறது. லெ க்யூவுக்கும் காட்ஸுக்கும் நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் வாசகனை நடத்துகிற முறையில் இருவரும் ஒன்றுதான். இருவருக்கும் அவன் திரட்டவேண்டிய ஆள். சரிபார்க்க உரிமையுள்ளவன் அல்ல.

காட்ஸின் முடிவு தெரிந்ததே. ம்யூன்ஸென்பர்க் கட்சியிலிருந்து பிரிந்து, 1940 அக்டோபரில் பிரான்ஸில் ஒரு காட்டில் பிணமாகக் கிடைத்தார். காட்ஸ் பிரியவில்லை. போருக்குப் பின் ப்ராகுக்குத் திரும்பி, ஆந்த்ரே ஸிமோன் என்ற பெயரில் கட்சிப் பத்திரிகையில் எழுதினார். 1952 நவம்பரில் ஸ்லான்ஸ்கி வழக்கில் பதினான்கு பேரில் ஒருவராக நிறுத்தப்பட்டு, தாம் மேற்கு நாடுகளின் ஒற்றன் என்று ஒப்புக்கொண்டார். தூக்குமரமே தமக்கு ஏற்றது என்று சொன்னார். டிசம்பர் 3 அன்று பதினோரு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1963ல் தண்டனை ரத்தானது. ஹிட்லரின் ஒற்றர்களை உலகத்துக்குக் காட்டியவர் ஒற்றனாகச் செத்தார். இதை வினை விளைந்தது என்று ரசிக்க என்னால் முடியவில்லை. அவர் மீது சுமத்தப்பட்டது பொய். ஆனால் தம்மைச் சுற்றியிருந்த தரப்பு சரிபார்க்கத் தேவையற்ற குற்றச்சாட்டுகளால் இயங்குவதை, 1937 பார்ஸலோனாவிலேயே அவர் பார்த்திருக்கிறார் என்பதையும் மறைக்க முடியாது.

5

மூன்றாமவர் பெர்தோல்ட் யாக்கோப். நம்மில் பெரும்பாலோர் கேள்விப்படாத பெயர். 1898ல் பெர்லினில் பிறந்து, முதல் உலகப் போருக்குத் தாமாகவே முன்வந்து போனவர். திரும்பி வரும்போது போரை வெறுப்பவராக வந்தார்.

1925 மார்ச் 31 அன்று வேஸர் ஆற்றில் ஃபெல்ட்ஹைம் என்ற இடத்தில் ராணுவப் பயிற்சியின்போது ஒரு மிதவைப் படகு கவிழ்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் மூழ்கினார்கள். நாடே துக்கம் கொண்டாடியது. யாக்கோப் இறந்தவர்கள் யார் யார் என்று பார்த்தார். வெர்ஸாய் ஒப்பந்தப்படி ஜெர்மன் ராணுவத்தில் ஒரு லட்சம் பேர்தான் இருக்கலாம். அவர்களும் நீண்டகால ஒப்பந்தச் சிப்பாய்களாக இருக்கவேண்டும். மூழ்கியவர்களில் குறுகிய காலத்துக்கு என்று சட்டவிரோதமாகச் சேர்க்கப்பட்ட இளைஞர்களும் இருந்தார்கள் என்று அவர் எழுதினார். ராணுவம் தன் உண்மையான எண்ணிக்கையை மறைக்கிறது என்பதற்கு அந்தச் சாவுகளே சாட்சி. 1928 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவருக்கும் பத்திரிகை ஆசிரியர் ஃப்ரிட்ஸ் க்யூஸ்டருக்கும் தேசத் துரோகம் என்று ஒன்பது மாதச் சிறை விதித்தது. அரசு செய்தது சட்டவிரோதமாக இருந்தாலும் குடிமகன் தன் அரசுக்கே விசுவாசமாக இருக்கவேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

அடுத்த வருஷம், 1929 மார்ச்சில், கார்ல் ஃபான் ஒஸியட்ஸ்கி ஆசிரியராக இருந்த 'வெல்ட்பூனே' என்ற சிறிய வாரப் பத்திரிகையில் வால்டர் க்ரைஸர் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். மறைவில் வளரும் விமானப் படை பற்றியது; எல்லா விமானங்களும் எப்போதும் ஜெர்மனியிலேயே இருப்பதில்லை என்று லிபெட்ஸ்க்கை அது ஜாடையாகத் தொட்டது. அதில் இருந்த தகவல்களில் ஒரு பகுதி, பாராளுமன்ற வரவு-செலவுக் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளில் ஏற்கெனவே இருந்தது. 1931 நவம்பரில் ஒஸியட்ஸ்கிக்குப் பதினெட்டு மாதச் சிறை. தண்டித்த சட்டம் 1914ம் வருஷத்து ஒற்றர் தடுப்புச் சட்டம். அச்சில் இருந்ததைப் படித்து அச்சில் சொன்னவன் ஒற்றன். இங்கிலாந்தில் ஒற்றர் பீதி செய்த சட்டத்துக்கும் இதற்கும் குணத்தில் வித்தியாசமில்லை. க்ரைஸர் வெளிநாடு போனார். ஒஸியட்ஸ்கி போகவில்லை. ஹிட்லர் வந்ததும் வதைமுகாம். 1935க்கான சமாதான நோபல் பரிசு 1936ல் அறிவிக்கப்பட்டது. 1938 மே 4 அன்று காவலில் இருந்தபடியே இறந்தார்.

யாக்கோப் ஸ்ட்ராஸ்பர்க்கில் அகதியாக இருந்துகொண்டு அதே வேலையைத் தொடர்ந்தார். உள்ளூர் ஜெர்மன் பத்திரிகைகளில் வரும் பதவி உயர்வு, மாற்றல், கல்யாணம், சாவு அறிவிப்புகளை வெட்டி ஒட்டிச் சேர்த்து, ஹிட்லர் கட்டிவரும் ராணுவத்தின் அமைப்பை ஊகித்து எழுதினார். பெர்லினுக்கு இது தாங்கவில்லை. ஹான்ஸ் வேஸமான் என்ற முன்னாள் சோஷலிஸ்ட் பத்திரிகையாளர், வெளிநாட்டில் அகதிகளை வேவு பார்க்கும் கெஸ்டாபோ ஆளாக மாறியிருந்தார். யாக்கோபுக்கு அவரைப் பழக்கம். நாடற்றவராக்கப்பட்ட யாக்கோபுக்கு ஒரு பாஸ்போர்ட் வேண்டியிருந்தது. வாங்கித் தருகிறேன் என்று வேஸமான் அவரை 1935 மார்ச் 9 அன்று ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகருக்கு வரவழைத்தார். அன்று இரவே கார் எல்லையைத் தாண்டி ஜெர்மனிக்குள் போய்விட்டது.

ஸ்விட்ஸர்லாந்து அரசு விடவில்லை. விசாரித்தது, வேஸமானைக் கைது செய்தது, சர்வதேச நடுவர் மன்றம் வரை போகத் தயாரானது. செப்டம்பர் 17 அன்று பெர்லின் யாக்கோபைத் திருப்பி அனுப்பியது. 1936ல் பாஸல் நீதிமன்றத்தில் வேஸமானுக்கு மூன்று வருஷச் சிறை. அகதிகளுக்கு நடுவே கெஸ்டாபோ எப்படி ஊடுருவியது என்பது அந்த வழக்கில் வாக்குமூலமாக, குறுக்கு விசாரணைக்கு உட்பட்டு, வெளிவந்தது. பழுப்பு வலையைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்தன. இந்தச் சிறிய நகரத்தின் நீதிமன்றம்தான் அதை அம்பலத்தில் வைத்தது என்று சொல்வேன்.

6

யாக்கோபிடம் நான் காண்பது வீரத்தை மட்டும் அல்ல. அவர் ஒரு வாசகர். அச்சில் கிடப்பதை, அது என்ன சொல்கிறது என்று தெரியும்வரை படிக்கிறார். தம் முடிவோடு அதற்கு வந்த வழியையும் காட்டுகிறார். அதே செய்தித்தாளை வாங்கி எவனும் அவரைத் தப்பென்று நிரூபிக்கலாம். விமர்சனம் என்று நாம் மதிக்கிற காரியம் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. அதனால் அவர் நமக்கு உறவு என்று எனக்குப் படுகிறது.

ஆனாலும் மறுப்புகள் உண்டு. எல்லா உண்மையும் அச்சில் கிடைப்பதில்லை. பார்ஸலோனா கோப்புகள் கதவை உடைத்து எடுத்தவை. அவற்றை எடுத்தது தவறென்று நான் சொல்லவில்லை. எடுத்தவர்கள் தாள்களையே பிரசுரித்தார்கள். தாள் எங்கே, எப்போது, யார் கையால் கிடைத்தது என்று சொன்னார்கள். பெறுகிற வழி எப்போதும் சுத்தமாக இருக்க முடியாது. தருகிற வழி சுத்தமாக இருக்க முடியும்.

இன்னொரு மறுப்பு கடுமையானது. யாக்கோபின் நேர்மையால் என்ன பயன்? அவர் சொன்னதைக் கேட்டு எந்த அரசும் ஹிட்லரைத் தடுக்கவில்லை. 1941ல் பிரான்ஸிலிருந்து தப்பி லிஸ்பன் போனவரை, செப்டம்பரில் ஜெர்மன் ஆட்கள் மறுபடியும் கடத்தினார்கள். இந்த முறை அவருக்காகக் கேட்க எந்த அரசும் இல்லை. 1944 பிப்ரவரி 26 அன்று பெர்லினில், நாற்பத்தைந்தாம் வயதில், கெஸ்டாபோவின் கைதியாக இருந்து சீரழிந்து, யூத ஆஸ்பத்திரியில் இறந்தார். திறந்த இடத்தில் நிற்பவனைத் தூக்கிப்போவது சுலபம். அம்பலத்துக்கு அதற்கென்று காவல் கிடையாது. பாஸல் மாதிரி ஒரு ஊர் தன் தெருவில் நடந்ததைத் தன் விவகாரமாக எடுத்துக்கொண்டால்தான் உண்டு.

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் விடை பெரிய ஆறுதல் தருவதல்ல. ஒற்றனிடமிருந்து அம்பலப்படுத்துகிறவனைப் பிரிப்பது அவன் கொடியோ அவன் எதிரியின் கொடுமையோ அல்ல. தான் சொன்னதைச் சோதிக்கும் வழியையும் சேர்த்து, முன்பின் தெரியாதவன் கையில் கொடுக்கிறானா என்பதே. கொடுத்துவிட்டால், அவன் யாருடைய ஆள் என்ற கேள்வி பாதி அவசியமற்றதாகிறது. கொடுக்காவிட்டால், அவன் நம்முடைய ஆளாகவே இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். மீதி வேலை நம்முடையது. சோதிக்கும் வழியைக் கொடுத்தவனிடம் போய்ச் சோதிக்காமல் விடுவதும், அவனைத் தனியாக நிற்க விடுவதும் ஒன்றேதான்.

ஒஸியட்ஸ்கியின் வழக்கை மறுபடி விசாரிக்கவேண்டும் என்று அவருடைய மகள் கேட்டார். 1992 டிசம்பரில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பு இன்றும் அப்படியே இருக்கிறது.